சனிக்கிழமைச் சாறு

ஆலயத்தில் என் வேலைக்கு வந்திருக்கும் செல்வி கேள்வி கேட்காமல் ஒரு வேலையும் செய்வதில்லை. போன மாதம் வெஸ்ட்ரியில், அதாவது போதகர் அங்கி மாட்டிக்கொள்ளும் பக்க அறையில், சுவரில் தொங்கும் அட்டையைக் காட்டினாள். "இன்னாண்ணா இது? 'சனிக்கிழமை மட்டும். பாட்டிலுக்குக் கொதிக்கிற தண்ணீர். மிஞ்சினால் தென்னைமரம்.' இத்த யாருக்கு எழுதி மாட்டி வெச்சிக்கீறீங்க?"

எனக்குத்தான் என்றேன். போதகர் சொல்லச் சொல்ல நானே எழுதி, நானே ஆணி அடித்து மாட்டியது. ஏன் என்று கேட்டாள். முழுக்கதையும் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்துவிட்டு, "எழுதி வெய்யுங்கண்ணா. நாளைக்கு வெள்ளை அடிக்கறவன் வந்து இந்த அட்டைய கயட்டிப் போட்டுட்டான்னா, அதோட போச்சி" என்றாள். அவள் சொன்னால் செய்யாமல் இருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

ராயபுரத்தில், கடலுக்கு இரண்டு தெரு உள்ளே இருக்கிறது எங்கள் சபை. அங்கே இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். சம்பளச் சீட்டில் ஆலயப் பணியாளர். சபையார் வாயில் செக்ஸ்டன். தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து வந்து இங்கே கடை வைத்திருப்பவர்கள் வாயில் கோயில்குட்டி. பெயர் எதுவானாலும் கையில் இருப்பது அதே விளக்குமாறுதான். மணி அடிப்பேன், பெஞ்சு துடைப்பேன், பூ மாற்றுவேன். கல்யாணத்துக்குச் சிவப்புக் கம்பளம் விரிப்பேன், அடக்க ஆராதனைக்கு அதைச் சுருட்டி வைப்பேன். திருவிருந்து ஆராதனைக்கு அப்பமும் திராட்சை ரசமும் தயார் செய்து மேசையில் வைப்பேன். மற்ற வேலைகளை யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம். கடைசியாகச் சொன்னேனே, அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அதற்கு முன்னால் நான் யார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீட்டிச் சொல்ல எனக்கே அலுப்பாக இருக்கிறது. பெயர் ஏகாம்பரம். பிறந்தது திருவொற்றியூர். துறைமுகத்தில் மூட்டை இறக்கினேன். உடம்பு வலிக்கிறது என்று குடிக்க ஆரம்பித்து, பிறகு வலி இல்லாத நாளிலும் குடித்தேன். என் மனைவி வசந்தா தினமும் சாயங்காலம் என்னை வாசற்படியிலேயே நிறுத்தி, "ஊது" என்பாள். ஊதுவேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் அவள் ஊதச் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு வள்ளூரில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அப்புறம் வாடகை வீடு போனது, வேலை போனது. நாலு வருடம் ராயபுரம் ஸ்டேஷன் சுவரை ஒட்டி ஒரு நீலத் தார்ப்பாய்க்குக் கீழே படுத்துக் கிடந்தேன். அந்தத் தார்ப்பாயில் எனக்கு ஒரு பங்காளி உண்டு. அவன் பெயர் ஆறுமுகம், எண்ணூர் பக்கம் கண்டெய்னர் டிரெய்லர் ஓட்டியவன். குடித்துவிட்டு ஓட்டியதில் லைசென்ஸ் போய், லைசென்ஸோடு எல்லாம் போய், என் பக்கத்தில் வந்து படுத்தவன். அவனைப் பற்றிப் பிறகு வரும்.

ஒரு காலை நான் சபை வாசற்கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது இருந்த போதகர் வெளியே வந்தார். ஞானதாஸ் ஐயா, வேலூர்க்காரர், மெலிந்த மனிதர். பழைய செக்ஸ்டன் குடலிறக்கத்துக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

"ஏணி புடிக்க ஒரு ஆள் வேணும். வர்றியா?" என்றார்.

"கை ஆடுது ஐயா."

"ஏணியும் ஆடுது. ரெண்டும் சேர்ந்தா ஒருவேளை நிக்கும்."

நின்றது. அவர் மேலே ஏறி மின்விசிறியைத் துடைத்தார், நான் கீழே பிடித்துக்கொண்டிருந்தேன். இறங்கி வந்ததும் அவர் முதலில் கேட்டது, "சாப்டியா?" அவர் எதைச் சொல்வதானாலும், கண்டிப்பதானாலும், அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்குவார். சாப்பிட்டேன் என்று பொய் சொன்னால் "என்ன சாப்பிட்ட?" என்பார். அவரிடம் ஏமாற்றுவது அதோடு முடிந்துவிடும்.

குடியை நிறுத்த ஐயா என்னை ஆஸ்பத்திரியில் சேர்த்தார், மூன்று வாரம் இருந்தேன். முதல் சில நாட்கள் சுவரில் பூச்சி ஊர்ந்ததும் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டதும் இங்கே வேண்டாம். திரும்பி வந்ததும் ஆலயத்தின் பின்னால் ஒரு அறை கொடுத்தார்கள். விசுவாசம் எப்படி வந்தது என்று பலபேர் கேட்டிருக்கிறார்கள். எனக்கு வெளிச்சம் எதுவும் தெரியவில்லை, குரல் எதுவும் கேட்கவில்லை. பெருக்க வேண்டிய பெஞ்சுகளுக்கு நடுவில் காலையில் தனியாக நின்றுகொண்டு, இன்றைக்கு மட்டும் பார்த்துக்கொள்ளும் ஆண்டவரே என்று வாய்விட்டுச் சொல்வேன். எழுந்தவுடன் பேச ஒருவர் இருக்கிறார் என்பது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஸ்டேஷன் சுவரிடம் நாலு வருடம் பேசிப் பார்த்தவனுக்கு அந்த அருமை தெரியும்.

ஆறு மாதம் கழித்துப் பழைய செக்ஸ்டன் ஓய்வு பெற்றார். ஐயா சாவிக்கொத்தை என்னிடம் கொடுத்தார். கொடுப்பதற்கு முன்னால் அதிலிருந்து ஒரு சின்னச் சாவியைக் கழற்றித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். வெஸ்ட்ரி அலமாரியின் சாவி. அதற்குள்தான் திருவிருந்து ஒயின் இருந்தது. என் முகம் சுருங்கியிருக்க வேண்டும்.

"உன்னை நம்பாம இல்ல, ஏகாம்பரம். சோதனையில விட்டுடாதேயும்னு நாம தினமும் ஜெபிக்கிறோம். அதை ஜெபிச்சிட்டு நானே சோதனையக் கொண்டாந்து உன் கையில குடுத்தா, அது என்ன ஜெபம்?"

யாராவது என்னை முழுதாக நம்ப வேண்டும் என்று ஏங்கிக்கொண்டிருந்த காலம் அது. அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. அறைக்குப் போய்ப் படுத்த பிறகுதான் தெரிந்தது, நெஞ்சிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அந்தச் சாவி என்னிடம் இல்லை. அதைப் பற்றி நான் நினைக்கவே வேண்டியதில்லை.

ஒரு வருடம் ஆனதும் ஞானஸ்நானம் வாங்கினேன். பெயரை மாற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "ரேஷன் கார்டுல ஒரு பேர், பரலோகத்துல ஒரு பேரா? ஏகாம்பரமாவே இரு" என்றார். திருவிருந்து வாங்கத் தகுதி தரும் திடப்படுத்தல் ஆராதனையும் முடிந்து முதல் முறையாகத் திருவிருந்துக்கு முழங்கால் போட்டேன். பாத்திரம் என் உதட்டுக்கு வந்தது. ஒரே ஒரு மிடறு. பரிசுத்தமான மிடறு என்று என் மனசுக்குத் தெரியும், நாக்குக்குத் தெரியவில்லை. ஆராதனை முடிந்து மணி அடித்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, நடந்துபோய்ச் சாராயக் கடையில் நின்றேன். இரண்டு நாள் கழித்து ஐயாவே என்னைப் பழைய தார்ப்பாயிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தார். ஆட்டோவில் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு அவர் சொன்ன ஒரே வார்த்தை: "என் தப்பு."

அடுத்த வாரம் சபைக் கமிட்டி கூடியது. இனிமேல் புளிக்காத திராட்சைச் சாறுதான் பாத்திரத்தில் இருக்க வேண்டும் என்று ஐயா கேட்டார். எதிர்த்தவர் தங்கராஜ் அண்ணாச்சி. கல்மண்டபத்தில் மளிகை மொத்த வியாபாரம், திருநெல்வேலி பக்கத்துக்காரர், மூன்று தலைமுறையாகச் சபை மூப்பர் குடும்பம். வாழ்நாளில் கள்ளைக்கூடத் தொடாதவர். ஆனால் திருவிருந்து ஒயின் அவருக்குக் குடியல்ல, முறை. நான் டீத் தட்டோடு வாசலில் நின்றிருந்தேன்.

"எங்க தாத்தா காலத்துல இருந்து வார முறை ஐயா. ஒரு குடிகாரப்பயலுக்காவ அத மாத்தணுமாக்கும்? அவன் வேணும்னா பாத்திரத்தத் தொடாம போட்டும்."

"போகச் சொல்லலாம் அண்ணாச்சி. அப்புறம் நான் யாருக்கு அந்தப் பாத்திரத்தை நீட்டறது?"

"இம்புட்டு சபையும் ஒருத்தனுக்காவயா?"

"ஆமா. ஒருத்தனுக்காகத்தான்."

டீ ஆறிப்போனது. நான் திரும்பிப் போய்ச் சூடு பண்ணிக்கொண்டு வந்தேன். அழுகையை அடுப்படியிலேயே முடித்துக்கொண்டுதான் வந்தேன். தீர்மானம் நிறைவேறியது, அண்ணாச்சி மட்டும் கை தூக்கவில்லை. அதற்குப் பிறகு பல வருடம் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏல, கோயில்குட்டி" என்பார். அவ்வளவுதான்.

சாறு செய்யும் வேலை என்னிடம் வந்தது. ஐயா பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார். சனிக்கிழமை சாயங்காலம் கொட்டை உள்ள கறுப்புப் பன்னீர் திராட்சை இரண்டு கிலோ. காம்பு நீக்கி, உப்புத் தண்ணீரில் ஊறவைத்து, மூன்று தண்ணீரில் கழுவ வேண்டும். கொஞ்சம் தண்ணீர் விட்டுத் தோல் வெடிக்கும் வரை கொதிக்க வைத்து, மசித்து, வெள்ளை மல் துணியில் வடிகட்ட வேண்டும். பாட்டிலைக் கொதிக்கிற தண்ணீரில் அலசி, சூடு ஆறுவதற்குள் ஊற்றி மூட வேண்டும். அப்போது வெஸ்ட்ரியில் ஃப்ரிட்ஜ் கிடையாது. மண்பானைத் தண்ணீருக்குள் பாட்டிலை நிறுத்துவேன். ஞாயிறு காலை பாத்திரத்தில் ஊற்றுவதற்கு முன் ஒரு தடவை முகர்ந்து பார்ப்பேன். மிஞ்சியது தென்னைமரத்தடியில். ஒரு நாளுக்கு மேல் வைக்கவே கூடாது என்று ஐயா ஏன் அத்தனை முறை சொன்னார் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

இரண்டாம் வருடம் வசந்தா வந்தாள். கல்மண்டபத்தில் யாரோ உறவுக்காரர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆலய வாசலில் நின்று, நான் பெருக்கிக்கொண்டிருந்ததை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, கிட்டே வந்து, "ஊது" என்றாள். ஊதினேன். மூன்று மாதம் இப்படி வந்து ஊதச் சொல்லிவிட்டுப் போனாள். பிறகு பையோடு வந்தாள். வந்த பிறகும் தினமும் சாயங்காலம் ஊதத்தான் வேண்டும். எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இனி ஆறுமுகம். என் வேலையில் நான் பட்ட பெரிய பாடு அவன்தான். நான் கரையேறிய பிறகும் அவன் அந்தத் தார்ப்பாயிலேயே கிடந்தான். கஞ்சி கொண்டுபோய்க் கொடுப்பேன், கூப்பிடுவேன். "நீ போய்ட்ட மாமு, நல்லா கீற. என்ன வுட்டுரு" என்பான். மூன்று தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், மூன்று தடவையும் ஓடினான். மூன்றாவது தடவை ஓடும்போது ஆலயத்துக்குள் வந்து, பீடத்தின் மேலிருந்த இரண்டு பித்தளைப் பூச்சாடிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவை தங்கராஜ் அண்ணாச்சி தன் தாயார் நினைவாகக் கொடுத்தவை. அவனை உள்ளே விட்டது நான். அண்ணாச்சி வந்தார். காலியான இரண்டு இடத்தையும் பார்த்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். திட்டியிருந்தால் தேவலை.

ஒன்றரை வருடம் கழித்து, ஒரு மத்தியானம், அவனே ஆலயப் படியில் வந்து உட்கார்ந்திருந்தான். பாதி ஆளாக இருந்தான்.

"மாமு, இனிமே ஓட தெம்பு இல்ல. சேத்துக்கினா சேத்துக்கோ" என்றான்.

இந்த முறை ஓடவில்லை. ஆஸ்பத்திரி டாக்டர் அவனுக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். தினமும் என் எதிரில்தான் போட வேண்டும். அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது சாராயம் கொஞ்சம் சேர்ந்தாலும் உடம்பு தாங்காது. ஆறுமுகம் அதை எல்லோரிடமும் ஒரு பெருமையோடு சொல்லிக்கொண்டு திரிந்தான்: "ஒரு மூடி உள்ள போனாலும் மூஞ்சி செவந்து, நெஞ்சு அடச்சி, ஆள் காலின்னு டாக்டரு சொல்லிக்கீறாரு!" ஒரு வருடம் ஓடியது. வேதபாட வகுப்பில் உட்கார்ந்தான், ஞானஸ்நானம் வாங்கினான். அந்த வருடம் ஈஸ்டர் ஞாயிறன்று அவனுக்கு முதல் திருவிருந்து என்று ஐயா நாள் குறித்தார். அவனுக்குப் பயம்.

"மாமு, அந்த பாத்திரத்துல இன்னா கீது? எனக்கு ஆவாதே."

"வெறும் சாறுடா. என் கையால நானே பண்றேன். ஒரு சொட்டு புளிப்பு இருக்காது. நீ கண்ண மூடிகினு குடிக்கலாம்."

இந்த வார்த்தையை நான் கொடுத்தேன். மறக்காமல் இருங்கள்.

ஈஸ்டர் வாரம் என்பது ஆலயப் பணியாளனுக்கு முதுகொடியும் வாரம். பெரிய வியாழன் சாயங்காலம் திருவிருந்து, வெள்ளிக்கிழமை மூன்று மணிநேர ஆராதனை, சனிக்கிழமை முழுக்கக் கழுவித் துடைத்து அலங்காரம், ஞாயிறு காலை மறுபடி திருவிருந்து. சனிக்கிழமை எங்கே நேரம் இருக்கப் போகிறது என்று, புதன்கிழமையே இரண்டுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் சாறு காய்ச்சிவிட்டேன். புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். எங்களிடம் இருந்த இரண்டு பாட்டிலும் வியாழனுக்கே சரியாகிவிட்டது. கொல்லை அறையில் பழைய காலத்து ஒயின் பாட்டில் ஒன்று கிடந்தது. அதைப் பச்சைத் தண்ணீரில் இரண்டு அலசு அலசி, ஞாயிறுக்கு உள்ளதை அதில் ஊற்றி, மண்பானையில் நிறுத்தினேன். கொதிக்கிற தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது, மறுபடி வைக்கச் சோம்பல். ராயபுரத்துச் சித்திரை வெயில் நாலு நாள் அந்தப் பானை மேல் அடித்தது.

ஞாயிறு காலை ஆராதனை தொடங்கி முதல் பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். ஐயா பீடத்துக்குப் போய்விட்டார். நான் வெஸ்ட்ரியில் மூடியைத் திருகினேன். புஸ் என்று ஒரு மூச்சு வந்தது. அதோடு வாசனையும் வந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. எனக்குச் சில நாட்களில் ஒன்றுமில்லாத இடத்திலும் அந்த வாசனை வரும், குடியை விட்டவர்கள் பலருக்கும் வரும். இதுவும் அப்படித்தானா, நிஜமா என்று தெரியவில்லை. நிச்சயமாகத் தெரிந்துகொள்ள ஒரே வழி ருசி பார்ப்பது. ஒரு சொட்டு. அதுவும் எனக்காகவா? ஆறுமுகத்துக்காக, சபைக்காக, என் கடமைக்காக. எவ்வளவு நல்ல காரணம் பாருங்கள். அத்தனை வருடக் குடியில் இப்படி ஒரு காரணம் எனக்குக் கிடைத்ததே இல்லை. விரலைப் பாட்டிலின் வாய்மேல் வைத்துவிட்டேன். உங்களுக்குக் குடிக்கத் தோன்றியதா என்று செல்வி கேட்டாள். தோன்றியது. நாக்கில் எச்சில் ஊறியது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அப்போது கதவைத் திறந்துகொண்டு தங்கராஜ் அண்ணாச்சி வந்தார். அன்றைக்கு அப்பத்தட்டை எடுத்துப்போகும் முறை அவருடையது. ஈஸ்டருக்கு எடுத்த புது வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி.

"ஏல, என்ன பேயறஞ்சவன் மாரி நிக்க?"

"அண்ணாச்சி, இத்த கொஞ்சம் ருசி பாத்து சொல்லுங்க. நான் பாக்கக் கூடாது."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு ஸ்பூனில் ஊற்றி வாயில் விட்டார். நாக்கைச் சப்புக்கொட்டினார். முகம் மலர்ந்தது.

"நல்லாத்தானல இருக்கு! இத்தன வருசம் வெறும் பானக்கத்தக் குடுத்துட்டு, இன்னைக்குத்தான் உருப்படியா பண்ணிருக்க. பழைய ருசி வந்துட்டே!"

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். குடி என்றால் என்னவென்று தெரியாத மனிதர், தன் தாத்தா காலத்து ருசி திரும்பிவிட்டதென்று சந்தோஷப்படுகிறார். அதைவிட வேறு சாட்சி வேண்டாம். சாறு புளித்து ஒயினாகியிருந்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். புதன்கிழமை காய்ச்சியது, பழைய பாட்டில், ஆறுமுகத்தின் மாத்திரை, நான் கொடுத்த வார்த்தை.

அண்ணாச்சி கதவிடுக்கு வழியாகப் பார்த்தார். மூன்றாவது பெஞ்சில், கடன் வாங்கிய வெள்ளைச் சட்டையில், பாட்டுப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஆறுமுகம் நின்றிருந்தான்.

"அவனா? பூச்சாடிக்காரனா?"

"ஆமா அண்ணாச்சி."

"இதுக்கு என்ன பெரிய இது. அவன் வேணும்னா பாத்திரத்தத் தொடா..."

பாதியில் நிறுத்திவிட்டார். தான் எப்போது, எந்த அறையில் அந்த வார்த்தையைச் சொன்னோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. நான் டீத் தட்டோடு நின்றதும் ஞாபகம் வந்திருக்கும். என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"பன்னீர் திராட்சைதான? கொட்ட உள்ளதா, இல்லாததா?"

"கொட்ட உள்ளது."

ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி வந்து பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டார். "இதையும் ஒன்னையும் ஒண்ணா விட்டுட்டுப் போவ நான் என்ன கோட்டிக்காரனா?" நேரே தென்னைமரத்தடிக்குப் போய்க் கவிழ்த்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கடைசிச் சொட்டு வரை உதறினார். அந்தக் காட்சியைப் பார்த்தபோது எனக்கு வந்த நிம்மதியை எந்த வார்த்தையில் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

அவர் திராட்சைப் பையோடு திரும்பியபோது ஐயா பிரசங்கத்தின் நடுவில் இருந்தார். காய்ச்சி ஆறவைக்க நேரமில்லை. பச்சையாகப் பிழிய வேண்டியதுதான். நான் திராட்சையைக் கழுவினேன். ஆனால் கை, ஏணி பிடித்த நாளில் ஆடியது போல் ஆடியது. துணியை முறுக்க முடியவில்லை. அண்ணாச்சி என்னை ஒதுக்கிவிட்டு, கையை மட்டும் கழுவிக்கொண்டு, சட்டையின் கையைச் சுருட்டக்கூட மறந்து, துணியை வாங்கினார். எழுபதை நெருங்கும் மனிதர், மூச்சு வாங்கப் பிழிந்தார். சாறு அவர் முழங்கை வழியாக வழிந்தது. சட்டையின் நெஞ்சுப் பக்கம் முழுவதும் ஊதாக் கறை.

"சட்ட, அண்ணாச்சி..."

"சட்ட கெடக்கட்டும். பாத்திரத்தப் பிடியும், ஏகாம்பரம்."

பெயர் சொன்னார். நான் பாத்திரத்தைப் பிடித்தேன்.

வெள்ளைத் துணியால் மூடி மேசைக்குக் கொண்டுபோய் வைத்தேன். ஐயா துணியை விலக்கினார். நுரையோடு, கலங்கலாக, இளஞ்சிவப்பில் ஏதோ இருந்தது. என்னைப் பார்த்தார். அப்பத்தட்டோடு பின்னால் வந்த அண்ணாச்சியின் சட்டையைப் பார்த்தார். ஜெபத்தைத் தொடர்ந்தார்.

சபையார் முன்னால் வந்து முழங்கால் போட்டார்கள். அண்ணாச்சி எப்போதும் வலதுகோடியில் முழங்கால் போடுவார். அது அவர் குடும்பத்து இடம். அன்றைக்கு அவர் ஆறுமுகத்தின் பக்கத்தில் போய் முழங்கால் போட்டார். பாத்திரம் ஆறுமுகத்திடம் வந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான், நான் சொன்ன மாதிரியே. குடித்தான். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று அவன் முகத்தையே பார்த்தேன். சிவக்கவில்லை. மூச்சு அடைக்கவில்லை. கண்ணைத் திறந்து, பக்கத்திலிருந்தவரின் ஊதாக் கைகளைப் பார்த்து, யாரென்று தெரிந்து, தலையைக் குனிந்துகொண்டான்.

முடிந்த பிறகு வெஸ்ட்ரியில் ஐயாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "சாப்டியா?" என்றார் முதலில். பிறகு கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்தார். "கானாவூர்ல ஆண்டவர் தண்ணியத் திராட்சை ரசமாக்கினாரு. நீ அவருக்குப் போட்டியா கிளம்பிட்டியே!" சிரிப்பு அடங்கியதும் அட்டையும் பேனாவும் எடுத்துக் கொடுத்து எழுதச் சொன்னார். அதைத்தான் செல்வி படித்தாள். அந்த ஈஸ்டருக்குப் பிறகு, பாத்திரம் என் உதட்டுக்கு வரும்போதும் ஒரு தடவை முகர்ந்துவிட்டுத்தான் குடிப்பேன்.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சியின் கடையிலிருந்து ஒரு பை வந்தது. இரண்டு கிலோ பன்னீர் திராட்சை, கொட்டை உள்ளது. கூட ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பவில்லை. அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமையும் தவறியதில்லை. அவர் இறந்து இரண்டு வருடம் ஆகிறது. பை இன்னும் வருகிறது. அவர் சாகும்வரை தீர்மானத்துக்குக் கை தூக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், "முறை முறைதான்வே" என்பார்.

ஆறுமுகம் இப்போது ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேன். பூச்சாடிகள் கிடைக்கவில்லை. தன் கையிலிருந்து புதிதாக இரண்டு வாங்கி வைத்தான். பழையதைவிட உயரம் குறைவு, பளபளப்பு அதிகம். ஞானதாஸ் ஐயா மாற்றலாகிப்போய், ஓய்வு பெற்று, இப்போது வேலூரில் இருக்கிறார். போன் செய்தால் சாப்டியா என்கிறார்.

போன மாதம் கடைசி ஞாயிறு எனக்கு வழியனுப்பு. அன்றைக்கு எல்லாவற்றையும் செல்விதான் தயார் செய்தாள். அவள் புருஷன் குடியில் செத்தவன். பாட்டிலைத் திறந்ததும் அவள் மூக்கு விடைப்பதைப் பார்த்திருக்கிறேன், என்னுடையதைவிடக் கூர்மையான மூக்கு. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக, வெஸ்ட்ரிக்குள் நுழையாமல், வசந்தாவோடு பெஞ்சில் உட்கார்ந்தேன். வசந்தா என்னை ஊதச் சொல்வதை எப்போது நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியாது. நின்றுபோனதே ரொம்ப நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அன்றைக்கு அவளிடம் கேட்டேன். "எனக்கு மட்டும் இன்னா தெரியும்? மறந்துட்டேன்" என்றாள்.

முன்னால் போய் முழங்கால் போட்டேன். ஒரு பக்கம் வசந்தா, மறுபக்கம் ஆறுமுகம். பாத்திரம் வந்தது, குடித்தேன், எழுந்து வந்து உட்கார்ந்தேன். ஆறுமுகம் என் காதருகில் குனிந்தான்.

"இன்னா மாமு, இன்னிக்கு மோந்தே பாக்கல?"

அவன் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. நான் முகர்ந்து பார்க்க மறந்துபோயிருந்தேன்.